கவுண்டிப் பொருளாளர்: மக்களின் வரிப்பணத்தை முதலீடு செய்பவரின் வேலை

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள நிர்வாகப் பிரிவு கவுண்டி எனப்படுகிறது. நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. கலிபோர்னியாவில் மட்டும் 58. நம் மாவட்டத்தோடு ஓரளவு ஒப்பிடலாம் என்றாலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் மாவட்டக் கருவூலம் அரசின் பணத்தை வாங்கி வைப்பதோடும் வழங்குவதோடும் நின்றுவிடும். கவுண்டியோ தானே வரி வசூலிக்கிறது, தானே கடன் வாங்குகிறது, கையில் இருக்கும் பணத்தைத் தானே முதலீடும் செய்கிறது. இந்த மூன்றாவது வேலையைச் செய்பவர்தான் கவுண்டிப் பொருளாளர். பல கவுண்டிகளில் வரி வசூலர் பதவியும் இவரிடமே இருக்கும்.

செலவுக்கென்று வசூலித்த பணத்தை ஏன் முதலீடு செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. பணம் வரும் நாளும் அது செலவாகும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே இதற்கு விடை. கலிபோர்னியாவில் சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு தவணைகளாக வருகிறது. முதல் தவணையை டிசம்பர் 10-க்குள்ளும் இரண்டாவதை ஏப்ரல் 10-க்குள்ளும் கட்டாதவர்களுக்கு அபராதம் விதிக்கப்படும். ஆகவே அந்த இரு தேதிகளை ஒட்டிக் கவுண்டியின் கணக்கில் பணம் வெள்ளமாக வந்து சேரும். ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் காவலர்களுக்கும் சம்பளமோ மாதந்தோறும் போயாக வேண்டும். டிசம்பரில் வந்த பணத்தில் ஒரு பகுதி மார்ச் வரை வேலையின்றிக் கிடக்கும். அதற்கு வட்டி ஈட்டாமல் விடுவது மக்களுக்கு இழப்பு. வட்டி ஈட்டுவதற்காக அதை எங்காவது சிக்க வைப்பது அதைவிடப் பெரிய இழப்பு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் பொருளாளரின் தொழில் நடக்கிறது.

அவர் பார்த்துக்கொள்வது கவுண்டியின் சொந்தப் பணத்தை மட்டும் அல்ல. கலிபோர்னியாவில் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகளான பள்ளி மாவட்டங்கள் தங்கள் நிதியைக் கவுண்டியின் கருவூலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். இவற்றோடு, விருப்பத்தின் பேரில் நகராட்சிகளும் குடிநீர் வாரியங்களும் போக்குவரத்து அமைப்புகளும் சேரலாம். எல்லாருடைய பணமும் ஒரே கூட்டு நிதியாக முதலீடு செய்யப்பட்டு, கிடைத்த வட்டி அவரவர் இருப்புக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கப்படும். அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி இதில் சேராது. அதற்குத் தனி வாரியம் உண்டு. ஓய்வூதிய நிதிக்கு முப்பது ஆண்டு அவகாசம் இருப்பதால் அது பங்குகளை வாங்கலாம். பொருளாளரிடம் இருப்பது அடுத்த மாதச் சம்பளப் பணம் என்பதால் அவர் பங்குச்சந்தைப் பக்கமே போவதில்லை.

அவர் என்னென்ன வாங்கலாம் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. அமெரிக்க அரசின் கடன்பத்திரங்கள், மைய அரசு சார்ந்த நிறுவனங்களின் பத்திரங்கள், உயர்ந்த தரமதிப்பீடு பெற்ற நிறுவனங்கள் வெளியிடும் குறுகிய காலப் பத்திரங்கள், வங்கிகளின் வைப்புச் சான்றிதழ்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் முக்கியமானவை. பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் முதிர்வுக் காலம் உள்ள எதையும் தனி அனுமதி இன்றி வாங்க இயலாது. பட்டியலைவிட முக்கியமானது சட்டம் சொல்லும் வரிசை. முதலில் அசல் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அடுத்து, தேவைப்படும் நாளில் பணமாக எடுக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் உறுதியான பிறகுதான் வருவாயைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு கவுண்டி தன் அனுபவத்தில் கண்டது. இத்தொழிலில் புதிதாகச் சேருபவர் எவரும் அந்தக் கதையைக் கேட்காமல் இருக்க முடியாது.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே உள்ள ஆரஞ்சு கவுண்டி வசதி படைத்தவர்கள் வாழும் பகுதி. குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த இடம். அங்கே ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ராபர்ட் சிட்ரன் 1970-இல் வரி வசூலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் பொருளாளர் பதவியும் அதனோடு இணைந்தது. எதிர்க்கட்சிக்காரராக இருந்தும் அவரை மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆவது முன்மொழிவு சொத்து வரியை மதிப்பீட்டில் ஒரு விழுக்காடு என்ற அளவில் கட்டிப்போட்டதால், கலிபோர்னியாவின் உள்ளாட்சிகள் எல்லாம் பணத்துக்குத் தடுமாறின. வரியை உயர்த்தாமல் வருவாயை உயர்த்தித் தரும் ஒருவர் அந்தச் சூழலில் எல்லாருக்கும் வேண்டியவராகத்தானே இருப்பார்? மாநில அரசின் முதலீட்டு நிதியைவிடச் சிட்ரனின் கூட்டு நிதி தொடர்ந்து கூடுதலாக ஈட்டியது. கட்டாயம் இல்லாத நகராட்சிகளும் வாரியங்களும் கேட்டு வாங்கி உள்ளே சேர்ந்தன. சில பள்ளி மாவட்டங்கள் ஒரு படி மேலே போய், வெளியே கடன் வாங்கி அந்தப் பணத்தை அவரிடம் போட்டு வைத்தன.

அவர் கூடுதலாக ஈட்டிய வழியைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும். ஒன்று, வட்டி விகிதம் ஏறினால் ஏற்கெனவே கையில் இருக்கும் கடன்பத்திரத்தின் விலை இறங்கும். ஆண்டுக்கு 5 டாலர் வட்டி தரும் 100 டாலர் பத்திரம் ஒன்று முதிர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருப்பதாகக் கொள்வோம். சந்தையில் புதிய பத்திரங்கள் 7 டாலர் தரத் தொடங்கிவிட்டால் பழையதை 100 டாலருக்கு யாரும் வாங்க மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் விலை ஏறத்தாழ 92 டாலருக்கு இறங்கியிருக்கும். அதே பத்திரம் இன்னும் ஓர் ஆண்டில் முதிர்வதாக இருந்தால் விலை 98 டாலருக்கு மேல்தான் இருக்கும். முதிர்வுக் காலம் நீளநீள அடியும் பலமாக விழும் என்பது இதிலிருந்து விளங்கும். முதிரும் வரை கையில் வைத்திருப்பவருக்கு 100 டாலர் முழுதாகவே திரும்பி வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இடையில் விற்க நேர்ந்தால்தான் நட்டம் நிஜமாகிறது.

இரண்டாவது செய்தி, ரிவர்ஸ் ரெப்போ எனப்படும் ஏற்பாடு. கையில் உள்ள பத்திரத்தை ஒரு பெரிய தரகு நிறுவனத்திடம் ஈடாகக் கொடுத்துக் குறுகிய காலக் கடன் வாங்கி, குறித்த நாளில் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுக்கொள்வதுதான் அது. நகையை அடகு வைத்து அந்தப் பணத்தில் இன்னொரு நகை வாங்கி, அதையும் அடகு வைப்பதைப் போலச் சிட்ரன் இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். 1994-இல் பலரும் அவரிடம் ஒப்படைத்திருந்த பணம் சுமார் 750 கோடி டாலர். அதை வைத்து அவர் வாங்கி வைத்திருந்த பத்திரங்களின் மொத்தம் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. அதாவது, தம்மிடம் இருந்த ஒவ்வொரு 100 டாலருக்கும் ஏறத்தாழ 275 டாலர் மதிப்புள்ள பத்திரங்கள்.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்க்கலாம். குறுகிய காலக் கடனுக்கு 3 விழுக்காடு வட்டி, ஐந்தாண்டுப் பத்திரத்துக்கு 5 விழுக்காடு வருவாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பணம் 100 டாலருக்கு 5 டாலர் கிடைக்கும். கடனாக வாங்கிய 175 டாலரில் இரண்டு விழுக்காடு மிஞ்சுவதால் மேலும் 3.50 டாலர் சேரும். மொத்தம் 8.50. பக்கத்துக் கவுண்டிக்கு 5 கிடைக்கும்போது இவருக்கு 8.50 கிடைப்பதைப் பார்த்தவர்கள் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. வட்டி விகிதம் இரண்டு புள்ளி ஏறிப் பத்திரத்தின் விலை 8 விழுக்காடு இறங்கினால், அந்த இறக்கம் 100 டாலரின் மீது விழுவதில்லை, 275 டாலரின் மீது விழுகிறது. நட்டம் 22 டாலர். அது முழுவதும் சொந்தப் பணத்திலிருந்தே போகும். கடன் கொடுத்தவருக்கு அதில் பங்கு இல்லை.

இது போதாதென்று, இன்வர்ஸ் ஃப்ளோட்டர் என்ற வகைப் பத்திரங்களையும் அவர் நிறைய வாங்கியிருந்தார். சந்தையில் வட்டி ஏறினால் இவை தரும் வட்டி குறையும். வட்டி இறங்கினால் கூடும். ஆக, அவருடைய முதலீடு முழுவதும் வட்டி இறங்கும் அல்லது நிலையாக நிற்கும் என்ற ஒரே கணிப்பின் மீது நின்றது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வட்டி இறங்கிக்கொண்டே வந்ததால் அந்தக் கணிப்பு ஆண்டுதோறும் பலித்தது. பலித்துக்கொண்டே இருக்கும் கணிப்பை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. வட்டி விகிதம் எப்படிப் போகும் என்பது குறித்து அவர் ஜோதிடம் பார்த்ததாகவும் பின்னாளில் செய்தி வெளியானது. அது உலகம் முழுவதும் சிரிப்புக்கு இடமானது என்றாலும், ஜோதிடர் இல்லாமலேயே அந்த நிதி கவிழ்ந்திருக்கும் என்பதுதான் கணக்கு சொல்வது.

1994 பிப்ரவரியில் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றத் தொடங்கியது. 3 விழுக்காடாக இருந்த அடிப்படை விகிதம் அந்த ஆண்டில் ஆறு முறை உயர்த்தப்பட்டு நவம்பரில் 5.5 விழுக்காட்டை எட்டியது. அந்த ஆண்டுத் தேர்தலில் சிட்ரனை எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் மூர்லாக் என்ற கணக்காளர், இந்த முதலீட்டு முறை ஆபத்தானது என்று வெளிப்படையாக எச்சரித்தார். தேர்தல் கால ஏச்சுப்பேச்சு என்று அது ஒதுக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் சிட்ரனே மீண்டும் வென்றார். அந்த எச்சரிக்கையை ஆராய்ந்து பார்க்க அன்று எளிய வழியும் இல்லை. பத்திரங்கள் வாங்கிய விலையிலேயே கணக்கில் காட்டப்பட்டன; இன்றைய சந்தை விலை என்ன என்று மாதாமாதம் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஐவர் கொண்ட கவுண்டி மேற்பார்வையாளர் குழு, வட்டிப் பணம் வந்துகொண்டிருந்த வரை கேள்வி கேட்கவும் இல்லை.

டிசம்பர் முதல் தேதி நிதியில் சுமார் 150 கோடி டாலர் நட்டம் என்ற அறிவிப்பு வந்தது. சில நாட்களில் சிட்ரன் பதவி விலகினார். கடன் கொடுத்திருந்த நிறுவனங்கள் கடனைப் புதுப்பிக்க மறுத்து, ஈடாகப் பிடித்து வைத்திருந்த பத்திரங்களை விற்கத் தொடங்கின. டிசம்பர் 6 அன்று ஆரஞ்சு கவுண்டி திவால் நடவடிக்கைக்கு நீதிமன்றத்தை நாடியது. அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் நிகழ்ந்ததில்லை. எல்லாவற்றையும் விற்று முடித்தபோது நட்டம் ஏறத்தாழ 164 கோடி டாலராக நின்றது. 750 கோடியில் அது 22 விழுக்காடு. மேலே போட்ட சிறு கணக்கின் விடைதான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் இதைத் தவறவிடுவதுண்டு. 1995-இல் வட்டி விகிதம் மீண்டும் இறங்கியது. பத்திரங்களின் விலை ஏறியது. பொறுமையாக வைத்திருந்தால் நட்டத்தின் பெரும்பகுதி திரும்ப வந்திருக்கும் என்று வாதிட்ட பொருளாதார அறிஞர்கள் உண்டு. அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பொறுமை காக்கும் உரிமை கவுண்டியிடம் இல்லை. கடன் கொடுத்தவர்களிடம்தான் இருந்தது. அசல் பாதுகாப்பாக இருக்கிறதா என்ற கேள்வியையும், வேண்டிய நாளில் பணமாக எடுக்க முடியுமா என்ற கேள்வியையும் சட்டம் தனித்தனியாக வைத்திருப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சிட்ரன் வாங்கியவற்றில் பெரும்பாலானவை திரும்பி வராமல் போகக்கூடிய மோசமான பத்திரங்கள் அல்ல. அரசு சார்ந்த நிறுவனங்களின் நல்ல பத்திரங்களே. நல்ல பத்திரங்களை மட்டும் வாங்கியும் திவாலாக முடியும் என்பதுதான் அந்த நிகழ்ச்சியின் விசித்திரம்.

சிட்ரன் தம் சொந்தப் பைக்கு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டு நிதியில் பங்குபெற்ற மற்ற அமைப்புகளுக்குச் சேர வேண்டிய வட்டியில் ஒரு பகுதியைக் கவுண்டியின் கணக்குக்குத் திருப்பிவிட்டதும், முதலீட்டாளர்களுக்குத் தவறான தகவல் தந்ததும் குற்றங்களாக நின்றன. 1995-இல் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனையும் ஒரு லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அவரைச் சிறையில் அடைக்கவில்லை; பகலில் சிறை அங்காடியின் அலுவலகத்தில், கைதிகள் கேட்கும் பொருட்களுக்கான சீட்டுகளைப் பார்க்கும் எழுத்தர் வேலை, இரவில் வீடு. அவருக்கு ஆலோசனை சொல்லிப் பெருமளவில் பத்திரங்களை விற்ற மெரில் லிஞ்ச் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 1998-இல் 40 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. விற்பனை வரியை அரை விழுக்காடு கூட்டி நட்டத்தை ஈடுகட்டும் யோசனையை 1995 ஜூனில் வாக்காளர்கள் தோற்கடித்தனர். கவுண்டி புதிதாகக் கடன்பத்திரங்கள் வெளியிட்டு 1996-இல் திவாலிலிருந்து மீண்டது. அந்தக் கடனின் கடைசித் தவணை கட்டப்பட்டது 2017-இல். சிட்ரனின் இடத்துக்கு நியமிக்கப்பட்டவர், தேர்தலில் அவரிடம் தோற்ற அதே மூர்லாக்.

இன்று கலிபோர்னியாவில் ஒருவர் கவுண்டிப் பொருளாளராகப் பணியாற்றும் முறை பெரிதும் 1995-இல் வந்த சட்டத் திருத்தங்களின் விளைவு. கடன் வாங்கி முதலீடு செய்யும் ரிவர்ஸ் ரெப்போ முற்றிலும் தடை செய்யப்படவில்லை. ஆனால் நிதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. இன்வர்ஸ் ஃப்ளோட்டர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. எழுத்து வடிவில் முதலீட்டுக் கொள்கை, பத்திரங்களின் சந்தை விலையோடு கூடிய அறிக்கை, முதலீட்டைக் கண்காணிக்கும் குழு ஆகியவை நடைமுறைக்கு வந்தன. பொருளாளருக்கான தகுதி குறித்தும் விதிகள் வந்தன. உயர்நிலை நிதி நிர்வாகத்தில் மூன்றாண்டு அனுபவம், கணக்கியல் அல்லது நிதி சார்ந்த பாடங்கள் அடங்கிய பட்டம், பட்டயக் கணக்காளர் சான்று போன்றவற்றுள் ஏதேனும் ஒன்று தேவை என்று கவுண்டிகள் வகுத்துக்கொள்ளலாம். சிட்ரன் கல்லூரிப் படிப்பை முடிக்காதவர் என்பது இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் கதை. என் கருத்தில் அது சற்றே தவறான பாடம். பட்டம் பெற்ற தரகர்கள்தாம் அவருக்குப் பத்திரங்களை விற்றார்கள். சந்தை விலையை வெளியே சொல்ல வேண்டும் என்ற ஒற்றை விதி, எல்லாப் பட்டங்களையும்விடப் பயனுள்ளது.

இந்தப் பதவிக்கு வருபவர்கள் பெரும்பாலும் கணக்காளராகவோ வங்கியிலோ கவுண்டியின் நிதித் துறையிலோ தொடங்கி, முதலீட்டு அலுவலர், துணைப் பொருளாளர் என்று படிப்படியாக உயர்ந்தவர்கள். கலிபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தல். லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற சிலவற்றில் நியமனம். அன்றாட வேலை பரபரப்பானது அல்ல. காலையில் வந்தவுடன் வங்கிக் கணக்குகளில் எவ்வளவு இருக்கிறது, இன்று எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டும். எந்தப் பள்ளி மாவட்டத்துக்கு எப்போது சம்பள நாள், எந்தக் கட்டுமானப் பணிக்கு எப்போது பெரிய தொகை போகும் என்ற அட்டவணை கையில் இருக்க வேண்டும். மிஞ்சும் பணத்துக்கு ஏற்ற பத்திரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தரகர்களிடம் விலை கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பத்திரம் தரகரிடம் இருக்காது. தனியாக ஒரு காப்பு வங்கியில் இருக்கும், அது அங்கே வந்து சேரும் போதுதான் பணமும் போகும். வாங்கும் முடிவை எடுப்பவரும் அதைக் கணக்கில் பதிபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் வந்த பணத்தை ஆகஸ்டில் கொஞ்சம், செப்டம்பரில் கொஞ்சம், அக்டோபரில் கொஞ்சம் என்று முதிரும்படி அடுக்கி வைத்துவிட்டால், வட்டி ஏறினாலும் இறங்கினாலும் எதையும் பாதியில் விற்க வேண்டி வராது.

இந்த ஏற்பாடு தாங்குமா என்பதற்கு 2022-இல் ஒரு சோதனை வந்தது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி விகிதத்தை ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 விழுக்காடு வரை கொண்டு போனது. 1994-இன் ஏற்றத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். 2023 மார்ச்சில் கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி, விலை இறங்கிய பத்திரங்களை நட்டத்துக்கு விற்க நேர்ந்து, அதைக் கண்டு வைப்புதாரர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்ததால், சில நாட்களிலேயே மூடப்பட்டது. கவுண்டிகளின் கூட்டு நிதிகளிலும் பத்திரங்களின் விலை இறங்கத்தான் செய்தது. அறிக்கைகளில் அந்த இறக்கம் வெளிப்படையாகவே அச்சாகியது. ஆனால் கடன் வாங்கி வாங்கியவை அல்ல என்பதால் யாரும் வந்து விற்கச் சொல்லவில்லை. முதிரும் நாள் வரை காத்திருந்து முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, அதைப் புதிய, கூடுதல் வட்டி தரும் பத்திரங்களுக்கு மாற்றினார்கள்.

அந்தக் காலத்தில் பொருளாளர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது வேறொரு கேள்விக்கு. வெளியே குறுகிய காலப் பத்திரத்துக்கே 5 விழுக்காடு கிடைக்கும்போது, பழைய குறைந்த வட்டிப் பத்திரங்கள் முதிரும் வரை கூட்டு நிதியின் வருவாய் பின்தங்கித்தான் இருக்கும். விருப்பத்தின் பேரில் சேர்ந்த நகராட்சிகள் பணத்தை எடுத்து வேறு இடத்தில் போட நினைப்பதில் வியப்பில்லை. அப்படி எடுப்பதால் நிதியில் மீதம் இருப்பவர்களுக்குப் பாதிப்பு வருமா என்று ஆராய்ந்த பிறகே பொருளாளர் அனுமதி தர வேண்டும் என்கிறது 1995-க்குப் பிந்தைய சட்டம்.